டிஎன்ஏ ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஆர்என்ஏவில் இருக்குமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பெரியம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கட்டியில் மரபணு சோதனை செய்ததில் டிஎம்பி 3 என்று வந்திருக்கிறது, அதனால் இம்யூனோதெரபியில் (உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியையே கட்டிக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சையில்) பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் நீங்கள் ராத்திரியெல்லாம் தேடிப் படித்ததில், டிஎன்ஏவில் மாற்றம் குறைவாக இருந்தாலும் ஆர்என்ஏவில் நடக்கும் மாற்றங்களிலிருந்து கட்டிக்கு மட்டுமே உரிய இலக்குகளை எடுக்கலாம் என்று ஒரு செய்தி கண்ணில் பட்டிருக்கிறது. அது நிஜமா, சென்னையில் யார் செய்வார்கள் என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன: இது அறிவியலாக உண்மையா, இது இன்றைக்குப் பெரியம்மாவுக்கு உதவுமா. முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு, இன்றைய தேதியில் இல்லை. இந்த ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில்தான் நிறையக் குடும்பங்கள் பணத்தையும் நாட்களையும் தொலைக்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் 14 வருடமாகக் கட்டிகளின் ஆர்என்ஏ தரவைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆகவே எந்த மருந்து கொடுக்கலாம் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆர்என்ஏவில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அந்த 3 என்ற எண். டிஎன்ஏவில் பத்து லட்சம் எழுத்துக்கு எத்தனை மாற்றங்கள் என்பதுதான் டிஎம்பி. 2020இல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ, பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு 10 என்ற வரம்பை ஏற்றுக்கொண்டது, உங்கள் டாக்டர் மனதில் வைத்துப் பேசியது பெரும்பாலும் அந்த வரம்பைத்தான். ஏன் எண்ணிக்கை முக்கியம்? நோயெதிர்ப்பு வேலை செய்யும் நம் உடம்பின் டி செல்களால் ஒரு செல்லின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு செல்லும் தன்னுள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, எட்டு முதல் பதினொரு அமினோ அமிலம் நீளமுள்ள பெப்டைடுகளை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வாசலில் காட்டிக்கொண்டே இருக்கும். தட்டில் இருப்பது வீட்டுச் சாமான் என்றால் டி செல் விட்டுவிடும், அந்நியமாக இருந்தால் தாக்கும். டிஎன்ஏவில் மாற்றம் அதிகம் என்றால் அந்நியப் பெப்டைடு தட்டில் வரும் வாய்ப்பும் அதிகம். வெயிலால் வரும் மெலனோமா, புகையால் வரும் நுரையீரல் புற்றுநோய் இரண்டிலும் இந்த எண் கூடுதலாக இருப்பது இதனால்தான். சினைப்பைப் புற்றுநோயின் பெரும்பான்மை வகை வேறு மாதிரி. 2011இல் டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டம் அந்த வகையை ஆராய்ந்தபோது 96 சதவீதக் கட்டிகளில் டிபி53 மரபணு பழுதாகியிருந்தது, ஆனால் அதைத் தாண்டி எழுத்து மாற்றங்கள் குறைவு. குரோமோசோம்களே துண்டு துண்டாகக் கூடியும் குறைந்தும் கிடந்தன. எனவே 3 என்பது பெரியம்மாவின் கட்டிக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் கிடையாது, இந்த நோயில் அதுதான் வழக்கம்.

இப்போது ஆர்என்ஏவுக்கு வருகிறேன். மரபணு முழுவதும் அப்படியே புரதமாவதில்லை. முதலில் ஆர்என்ஏவாக நகலெடுக்கப்படும், பிறகு நடுவில் இருக்கும் இன்ட்ரான்கள் வெட்டி எறியப்பட்டு எக்ஸான்கள் ஒன்றோடொன்று ஒட்டப்படும். ஸ்பிளைசிங் என்பது இந்த வெட்டி ஒட்டும் வேலை. நலமான செல்களிலும் ஒரே மரபணுவை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டுவது உண்டு, நம்முடைய மரபணுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான். புற்றுநோய்ச் செல்லில் இந்த வேலை தடுமாறுகிறது. ஓர் எக்ஸான் விடுபட்டுப்போகும், வெட்ட வேண்டிய இன்ட்ரான் அப்படியே தங்கிவிடும், இன்ட்ரானின் நடுவில் ஏதோ ஓரிடத்தை எக்ஸான் என்று நினைத்து ஒட்டிவிடும். பலகை என்ற சொல்லை வேறு இடத்தில் பிரித்தால் பல கை ஆகிவிடுகிறது அல்லவா, எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பொருள் வேறு. ஆர்என்ஏவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும், ஒட்டு ஓர் எழுத்து நகர்ந்தால் அதற்கப்புறம் வரும் அத்தனையும் வேறாகிவிடும். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினால் பெப்டைடில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறும். இங்கே ஒரு நீளமான பகுதியே உடம்பு பார்த்திராததாக இருக்கலாம். இந்தத் துறையில் இருப்பவர்களை இழுப்பது முக்கியமாக இதுதான், என்னையும் சேர்த்து.

2018இல் ஸூரிக்கிலுள்ள ஈடிஎச் பல்கலைக்கழகக் குழு டிசிஜிஏவிலிருந்து 8,705 நோயாளிகளின் தரவை, 32 வகைப் புற்றுநோய்களில், எடுத்துப் பார்த்தது. நலமான திசுவைவிடக் கட்டிகளில் இந்த மாற்று ஸ்பிளைசிங் 30 சதவீதம் வரை அதிகம் என்று கண்டார்கள். மார்பக, சினைப்பைக் கட்டிகளின் புரதத் தரவில் தேடியபோது இந்தப் புது ஒட்டுகளிலிருந்து வந்த பெப்டைடுகள் உண்மையிலேயே கிடைத்தன, ஓரெழுத்து மாற்றங்களிலிருந்து கிடைத்ததைவிட அதிகமாகவே. நீங்கள் படித்த செய்திக்கு வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பெப்டைடுகள் புரதத்தில் இருந்தன என்பது கண்டது, அவை எச்எல்ஏ தட்டில் ஏறும் என்பது கணினி கணித்தது. செய்தியாக எழுதும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஸ்பிளைசிங் தவிர வேறு வழிகளும் உண்டு. இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு உருவாகும் ஆர்என்ஏ, அடார் என்ற நொதி ஆர்என்ஏவின் எழுத்தை மாற்றுவது, நம் மரபணுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதமாக உறங்கிக் கிடக்கும் பழைய வைரஸ் எச்சங்கள் கட்டியில் விழித்துக்கொள்வது. இவற்றை இங்கே விட்டுவிடுகிறேன், அடிப்படைச் சிக்கல் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அந்தச் சிக்கல் கழித்தல், அதாவது கட்டியின் பட்டியலிலிருந்து நலமான திசுவிலும் இருப்பதையெல்லாம் நீக்குவது. கட்டியில் இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஒரே கட்டியின் ஆர்என்ஏவைப் படித்தால் இதுவரை பட்டியலில் இல்லாத ஒட்டுகள் குவியலாக வந்து விழும். இது உடம்பில் வேறு எங்கும் இல்லை என்று காட்டுவதுதான் கஷ்டம். என்னுடைய ஓர் அனுபவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் சினைப்பைக் கட்டிகளின் தரவில் ஒரு புது ஒட்டைக் கண்டேன். பல கட்டிகளில் இருந்தது, நலமான சினைப்பைத் திசுவில் ஒரு ரீட்கூட (கருவி படித்த ஆர்என்ஏ துண்டு) இல்லை. மூன்று வாரம் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தேன். பிறகு ஒரு மூத்த சக ஊழியர், "இந்தக் கட்டி சினைப்பையிலிருந்துதான் கிளம்பியது என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. இந்த வகைப் புற்றுநோய் பெரும்பாலும் கருக்குழாயின் உள்தோலில் தொடங்குகிறது. கருக்குழாய்த் தரவைத் தேடி எடுத்துப் பார்த்தால், அங்கே அசையும் நுண்ரோமங்கள் உள்ள செல்களில் அதே ஒட்டு சாதாரணமாக இருந்தது. அந்த மாதிரி நுண்ரோமச் செல்கள் மூச்சுக்குழாயிலும் உண்டு, மூளையின் உள்ளறைகளிலும் உண்டு. நான் கண்டுபிடித்ததாக நினைத்த இலக்கை நோக்கி டி செல்களை ஏவியிருந்தால் அவை ஒருவரின் மூச்சுக்குழாயைத் தாக்கப் போயிருக்கும். அன்றிலிருந்து எதை எதிலிருந்து கழித்தீர்கள் என்பதுதான் யாரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி.

எல்லோரும் கழிப்பதற்குப் பயன்படுத்துவது ஜிடெக்ஸ் என்ற பொதுத் தரவு. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மனிதர்களின், ஐம்பதுக்கும் மேற்பட்ட உடல் இடங்களிலிருந்து எடுத்த ஆர்என்ஏ. அருமையான வேலை, அது இல்லாமல் நாங்கள் யாரும் இல்லை. ஆனால் அதில் கருக்குழாய் மாதிரிகள் மிகக் கொஞ்சம். தந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி. ஒரு திசுவை மொத்தமாக அரைத்துப் படித்தது என்பதால் நூறில் ஒரு செல்லாக ஒளிந்திருக்கும் வகைகள் கரைந்துபோகும். இன்னொரு பக்கம், கட்டிக்குள் புற்றுநோய்ச் செல் மட்டும் இல்லை. உள்ளே நுழைந்த நோயெதிர்ப்புச் செல்கள், இழைச் செல்கள் எல்லாம் கலந்திருக்கும். முடுக்கிவிடப்பட்ட டி செல்லில் மட்டும் வரும் ஓர் ஒட்டு, ஓய்வில் இருக்கும் ரத்தச் செல்லில் இருக்காது, கட்டியில் இருக்கும், கணினி அதைக் கட்டிக்கே உரியது என்று எழுதிக் கொடுத்துவிடும். நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து திசு உறைநிலைக்குப் போகும் வரைக்கும் ஆர்என்ஏ உடைந்துகொண்டே இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் ஐஸ் கரைந்த பெட்டியோடு டிராஃபிக்கில் நின்று வந்த மாதிரியை நான் பார்த்திருக்கிறேன், அதில் எதைப் படித்தாலும் அர்த்தமில்லை. டிஎன்ஏ கொஞ்சம் கலந்துவிட்டாலும் இன்ட்ரான் தங்கியிருப்பதாகவே தெரியும்.

கழித்தல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது, இத்துறைக்கு வருபவர்களிடம் முதல் வாரத்திலேயே நான் சொல்வது அதைத்தான். மேஜ் ஏ3 என்ற புரதத்தின் பெப்டைடை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் கூர்மையாக்கிய டி செல்களை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், 2013இல் அதன் விவரம் வெளியானது. முதல் இரண்டு பேரும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்துபோனார்கள். இதயத்தில் மேஜ் ஏ3 இல்லை. ஆனால் இதயத் தசையின் டைட்டின் என்ற புரதத்தில் அதைப் போலவே தோன்றும் ஒரு பெப்டைடு இருந்தது. அதற்கு முன் செய்த சோதனைகளில் அது தெரியவில்லை, துடிக்கும் இதயச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே ஓர் ஒட்டு வேறெங்கும் இல்லை என்று காட்டினாலும் போதாது, அதன் பெப்டைடுக்கு ஒத்த சாயல் வேறெங்கும் இல்லை என்றும் காட்டியாக வேண்டும்.

கழித்தல் சரியாக முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆர்என்ஏ இருப்பதால் புரதம் இருக்க வேண்டும் என்பதில்லை, தவறாக ஒட்டிய ஆர்என்ஏக்களில் பலவற்றைச் செல்லே அடையாளம் கண்டு அழித்துவிடும். புரதம் இருந்தாலும் அதன் துண்டு தட்டில் ஏறியதா என்று பார்க்க, எச்எல்ஏவைப் பிரித்தெடுத்து அதில் ஒட்டியிருக்கும் பெப்டைடுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்க்க வேண்டும். அதற்கு நிறையத் திசு வேண்டும், ஊசி பயாப்ஸியில் வரும் நூலளவு துண்டு போதாது. இன்னொரு நுணுக்கம், தேடும் பட்டியலில் லட்சக்கணக்கான கற்பனை ஒட்டுகளைச் சேர்க்கச் சேர்க்கத் தற்செயலாகப் பொருந்திவிடும் தவறான விடைகளும் கூடும். இந்த ஓர் இடத்தில் கவனக்குறைவாக இருந்த கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

அப்புறம் எச்எல்ஏ. இது ரத்த வகையைப் போலச் சிலவற்றுக்குள் அடங்கிவிடாது, ஆளுக்கு ஆள் மாறும், ஓர் எச்எல்ஏ ஏந்தும் பெப்டைடை இன்னொன்று ஏந்தாது. இதுவரை ஆராய்ச்சியில் அதிகம் அலசப்பட்டது ஏ-02:01 என்ற வகை, ஐரோப்பியர்களில் அது மிகப் பரவலாக இருப்பதே காரணம். 2022 ஜனவரியில் கண்ணில் வரும் ஒருவகை மெலனோமாவுக்கு அனுமதி பெற்ற டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து அந்த வகைக்காரர்களுக்கு மட்டும்தான், 2024 ஆகஸ்டில் சைனோவியல் சார்கோமாவுக்கு வந்த டி செல் சிகிச்சையும் ஏ-02 குடும்பத்தைச் சார்ந்தே இருக்கிறது. நம்மிடம் ஏ-11:01, ஏ-24:02, ஏ-33:03 போன்றவை பரவல், ஏ-02 இருப்பவர்களிலும் ஏ-02:11 நிறையத் தென்படும். பெயரில் ஒரே குடும்பம் என்பதால் அதே மருந்து வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் மக்களின் திசுவில் இந்த வேலையை நாமே செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஐஐடி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 எக்ஸோம்கள் இருக்கின்றன. உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் எக்ஸோம் என்பது டிஎன்ஏ, அதில் ஸ்பிளைசிங்கை நேரடியாகப் பார்க்க முடியாது. அதே நோயாளிகளிடமிருந்து உறைந்த திசுவில் ஆர்என்ஏவும், பக்கத்தில் நலமான திசுவின் ஆர்என்ஏவும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

சரி, இப்போது எது உறுதி, எது சந்தேகம். கட்டிகளில் ஸ்பிளைசிங் மாறுகிறது, அதிலிருந்து உண்மையான புரதத் துண்டுகள் வருகின்றன, அவற்றில் சிலவற்றை மனித டி செல்கள் ஆய்வகத்தில் அடையாளம் கண்டு கொல்கின்றன, இவை உறுதி. 2025இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு நேச்சர் இதழில் வெளியிட்ட வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மூளைக்கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்து, எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கும் ஒட்டுகளை மட்டும் பொறுக்கினார்கள், அவற்றில் ஜிஎன்ஏஎஸ், ஆர்பிஎல்22 மரபணுக்களிலிருந்து வந்தவற்றைத் தாக்கும் டி செல் ஏற்பிகளையும் கண்டுபிடித்தார்கள். பல நோயாளிகளுக்குப் பொதுவான இலக்கு என்றால் ஒருவருக்காக ஒன்று என்று செய்ய வேண்டியதில்லை, முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம். எஸ்எஃப்3பி1, எஸ்ஆர்எஸ்எஃப்2 மாதிரி ஸ்பிளைசிங்கை நடத்தும் மரபணுக்களே பழுதான ரத்தப் புற்றுநோய்களில் இந்த நம்பிக்கை இன்னும் அதிகம், அங்கே ஒரே பழுது ஒரே மாதிரி தவறான ஒட்டுகளைப் பலரிடமும் உண்டாக்கும்.

இந்த இலக்குகளை வைத்துச் சிகிச்சை செய்தால் நோயாளி கூடுதல் நாள் வாழ்வாரா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். கட்டி தப்பித்துக்கொள்ளுமா என்பதும் நிஜமான கவலை. ரத்தப் புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தைத் தாக்கும்படி டி செல்களை மாற்றிக் கொடுக்கும் கார் டி சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பிய சிலரிடம், புற்றுநோய்ச் செல்கள் அந்தப் புரதத்தின் இரண்டாவது எக்ஸானையே விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டு தப்பியதை 2015இலேயே காட்டினார்கள். ஸ்பிளைசிங் நமக்கு இலக்கைத் தருகிறது, அதே ஸ்பிளைசிங் கட்டிக்குத் தப்பும் வழியையும் தருகிறது. இலக்கு குறைவு என்பதற்காகவே கதவு மூடிவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு: மாற்றங்கள் குறைவான கணையப் புற்றுநோயில், 2023இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஒவ்வொருவரின் டிஎன்ஏ மாற்றங்களை வைத்துச் செய்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்ட 16 பேரில் 8 பேருக்கு டி செல்கள் எழும்பின. பெரிய ஆய்வின் முடிவு வரும் வரை அதற்கு மேல் அதிலிருந்து எதையும் நான் எடுக்க மாட்டேன்.

பெரியம்மாவுக்கு வருகிறேன். வணிகமாகக் கிடைக்கும் ஆர்என்ஏ சோதனைகளில் பல, ஒட்டிக்கொண்ட மரபணுக்களைத் தேடுவதற்காகக் குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் பார்ப்பவை, அதில் நீங்கள் தேடும் விடை வராது. முழு ஆர்என்ஏவையும் படித்தாலும் கையில் கிடைப்பது ஒரு பட்டியல், மருந்து கிடையாது. யாராவது உங்கள் ஆர்என்ஏவைப் படித்து உங்களுக்கென்று தடுப்பூசி செய்து தருகிறோம் என்று லட்சங்களில் கேட்டால், எந்தெந்த நலமான திசுக்களோடு ஒப்பிட்டீர்கள், பெப்டைடை எச்எல்ஏ தட்டில் நேரில் பார்த்தீர்களா, இந்தச் சிகிச்சை ஆய்வு சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு ஆபரேஷன் வருமானால், திசுவில் ஒரு பகுதியை உடனே உறைய வைத்துச் சேமிக்க முடியுமா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். ஃபார்மலினில் போட்டுப் பாரஃபின் பிளாக் ஆக்கிய திசுவில் ஆர்என்ஏ சிறு சிறு துண்டாக உடைந்திருக்கும், இந்த வேலைக்கு அது நல்ல மூலப்பொருள் ஆகாது. இருந்தாலும் அந்த பிளாக் எங்கே இருக்கிறது, நம்பர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் எந்தச் சோதனை செய்ய வேண்டியிருந்தாலும் கேட்பார்கள்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று இருக்கிறது, உங்கள் கேள்வியில் அது இல்லாததால்தான் எனக்குக் கவலை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, எச்ஆர்டி சோதனைகளின் முடிவு என்ன? முதல் இரண்டும் டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் மரபணுக்கள், எச்ஆர்டி என்பது கட்டியில் அந்தப் பழுதுபார்க்கும் திறன் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. சினைப்பைப் புற்றுநோயில் ஓலபாரிப் போன்ற பார்ப் தடுப்பு மருந்துகளுக்கு வழி திறப்பவை அந்த முடிவுகள்தான், இவை இன்றே கையில் இருக்கும் மருந்துகள். டிஎம்பி 3 என்று எழுதிய அதே ரிப்போர்ட்டின் உள்பக்கங்களிலேயே அந்த வரி இருக்கலாம். பெரியம்மா என்பது அம்மாவின் அக்காவா, பெரியப்பாவின் மனைவியா என்று நீங்கள் சொல்லவில்லை. அம்மாவின் அக்கா என்றால், ரத்தத்தில் பிஆர்சிஏ மாற்றம் இருக்கும்பட்சத்தில் உங்கள் அம்மாவும் நீங்களும்கூட மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டை எடுத்து, பெயரையும் மருத்துவமனை விவரங்களையும் மறைத்துவிட்டு, பிஆர்சிஏ என்று தொடங்கும் வரியை மட்டும் இங்கே எழுதுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.